மத்திய அரசு ஓய்வூதியர் மீண்டும் பணியேற்கும்போது சம்பளத்தைக் கணக்கிடுவது எப்படி?

ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியரைத் துறை மீண்டும் அழைக்கும்போது, அது ஒப்பந்த நியமனமா, நிரப்பப்பட வேண்டிய பணியிடத்தில் மறு நியமனமா என்பதை அவர் முதலில் கேட்டறிய வேண்டும். ஒப்பந்த நியமனத்துக்கு நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2020 டிசம்பர் 9 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை பொருந்தும். மறு நியமனத்துக்கு 1986-ஆம் ஆண்டின் ஊதிய நிர்ணய ஆணைகள் திருத்தங்களுடன் பொருந்தும். மாநில அரசுகளின் விதிகள் தனி.

ஒப்பந்தத்தில் வருவோர் தம் பிபிஓவையும் (ஓய்வூதிய வழங்கல் ஆணை) கடைசிச் சம்பளச் சீட்டையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஓய்வு பெற்றபோது வாங்கிய அடிப்படை ஊதியத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்தால் கிடைப்பதே மாதத் தொகை. கழிக்க வேண்டியது, ஓய்வு பெறும்போது நிர்ணயிக்கப்பட்ட முழு ஓய்வூதியம். கம்யூட்டேஷனாக, அதாவது மொத்தத் தொகையை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு, விட்டுக்கொடுத்த பகுதியும் அதில் அடங்கும். பலருடைய கணக்கு பிசகுவது இந்த இடத்தில்தான்.

ஒருவரின் கடைசி அடிப்படை ஊதியம் 67,700 ரூபாய், ஓய்வூதியம் அதில் பாதியான 33,850 ரூபாய் என்று கொள்வோம். அவர் 40 சதவீதத்தை, அதாவது 13,540 ரூபாயை, கம்யூட் செய்திருந்தால், அகவிலை நிவாரணம் நீங்கலாக வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 20,310 ரூபாய் வரவாகும். அந்தத் தொகையைக் கழித்து 47,390 ரூபாய் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்; விதிப்படி அவருக்குரியது 33,850 ரூபாய் மட்டுமே. மொத்தத் தொகையை ஏற்கெனவே பெற்றுவிட்டவருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் கம்யூட் செய்யாத சக ஊழியருக்கும் இதே தொகைதான் என்பதால், எனக்கு இந்த விதி நியாயமாகவே படுகிறது.

ஒப்பந்தக் காலம் முழுவதும் இந்தத் தொகை மாறாது. ஆண்டு ஊதிய உயர்வோ அகவிலைப்படியோ சேராது, வீட்டு வாடகைப்படியும் பொதுவாகக் கிடையாது. விலைவாசி ஏறும் காலத்தில் இது கடுமையானதுதான் என்றாலும், ஓய்வூதியமும் அதன் மீதான அகவிலை நிவாரணமும் தொடர்ந்து வரும். போக்குவரத்துப்படி, ஓய்வு பெற்றபோது பெற்ற விகிதத்துக்கு மேற்படாத நிலையான தொகையாகத் தரப்படலாம். அந்தத் தொகை எவ்வளவு என்று நியமன ஆணையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்றரை நாள் ஊதிய விடுப்பு உண்டு, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. முதலில் ஓராண்டுக்கு மேற்படாமல் நியமித்துப் பின்னர் நீட்டிக்கலாம் என்றாலும், ஓய்வு வயதைக் கடந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீட்டிக்க இடமில்லை.

மறு நியமனம் பெரும்பாலும் முன்னாள் படைவீரர்களுக்கு உரிய வழி. 55 வயதுக்கு முன் ஓய்வு பெற்றவர் அதிகாரி நிலைக்குக் கீழே இருந்தவராயின், புதிய ஊதியத்தை நிர்ணயிக்கும்போது அவருடைய ஓய்வூதியம் முழுவதும் கணக்கில் சேர்க்காமல் விடப்படும். ஆணைபெற்ற (கமிஷண்டு) படை அதிகாரிகளுக்கும் குரூப் 'ஏ' அலுவலர்களுக்கும் முதல் 15,000 ரூபாய் மட்டுமே அவ்வாறு விடப்படும். மறு நியமனம் பெற்றவருக்குப் புதிய ஊதியத்தின் மீது அகவிலைப்படி கிடைப்பதால், ஓய்வூதியத்தின் மீதான அகவிலை நிவாரணம் பொதுவாக நிறுத்தப்படும். முழு ஓய்வூதியமும் விலக்கப்பட்டு, பணியிடத்தின் குறைந்தபட்ச ஊதியமே நிர்ணயிக்கப்பட்டவருக்கு மட்டும் அது தொடரும். அவர் இதற்கான சான்றிதழை அலுவலகத்திலிருந்து பெற்று, ஓய்வூதியம் வழங்கும் வங்கியில் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும்.