பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? முதல்ல ரேமைப் பாருங்க

தருமபுரி மாவட்டத்துச் செம்மண் தூசிக்கு மூடி வைத்த டெஸ்க்டாப்பும் தப்பாது. ஃபேன் சுற்றியும் திரையில் எதுவும் வராவிட்டால், பெரும்பாலும் ரேம் (மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான நினைவகப் பலகை) சரியாகத் தொடாததுதான் கோளாறு. பவர் கார்டைக் கழற்றி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, கிளிப்பை விலக்கி ரேமை எடுங்கள். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைப் பிரஷால் தட்டி, பழைய இடத்திலேயே செருகி, கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆன் ஆகியும் தேதி பழையதாகவே காட்டினால் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

ஃபேனே சுற்றவில்லையா? பிளக், சுவிட்ச் சரியாக இருந்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல்தான். அதை மட்டும் தயவுசெய்து வீட்டில் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்.