வெயில் நிறைய இருக்கிறது, சரி. கணக்கு எங்கே தவறுகிறது?

கடலூர், புதுச்சேரி பக்கம் சோலார் உலர்த்தி போடலாமா, சூரிய வெந்நீர் போடலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே பேச்சில்தான் தொடங்குகிறார்கள்: "நம்ம ஊர்ல வெயிலுக்கு என்ன பஞ்சம்?" பஞ்சம் இல்லைதான். ஒரு சதுர மீட்டரில் நாளுக்குச் சராசரியாக 5 யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட். ஆனால் அந்த எண்ணிலிருந்து கணக்கை ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. எவ்வளவு தண்ணீரை வெளியேற்ற வேண்டும், என்ன சூட்டில், எந்த மாதத்தில் என்று தொழிலிலிருந்து தொடங்க வேண்டும்.

நெத்திலியை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். உப்புப் போடாமல் காயவைத்து ஈரத்தை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மிஞ்சும் கருவாடு சுமார் 31 கிலோ. மீதி 69 கிலோவும் ஆவியாகிப் போக வேண்டிய தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 யூனிட் வெப்பம் வேண்டும். விழுகிற வெயிலில் 30 சதவீதத்தை உலர்த்தி பயன்படுத்துகிறது என்று வைத்தாலும், ஒரு சதுர மீட்டர் நாளுக்கு இரண்டேகால் கிலோ தண்ணீரைத்தான் எடுக்கும். ஆக 100 கிலோ ஒரே நாளில் காய 31 சதுர மீட்டர் வேண்டும். "இரண்டு நாள் காயட்டும், பாதிப் பரப்பு போதும்" என்று சிலர் சொல்வார்கள். மறுநாள் காலையில் அடுத்த 100 கிலோ வந்து இறங்கும்போது தட்டு காலியாக இருக்காதே.

அடுத்தது, 5 யூனிட்டை 365-ஆல் பெருக்கி வருடக் கணக்கு போடுவது. என் பார்வையில் நம் கடற்கரையில் அதிகம் ஏமாற்றுவது இந்தத் தவறுதான். வெயில் கொளுத்தும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டிசம்பர் வரை வானத்தை நம்ப முடியாது. வெயிலும் மீனும் சேர்ந்து கிடைக்கும் நாட்களை மட்டும் எண்ணுங்கள். தடைக்காலத்தில் உலர்த்தியைச் சும்மா விடவும் வேண்டாம். அதுதான் பண்ருட்டிப் பலா வரும் பருவம், சுளையைக் காயவைக்கலாம். தட்டு மட்டும் தனியாக இருக்கட்டும். கருவாட்டு வாசனை எத்தனை முறை தேய்த்தாலும் போகாது.

சூடு கூடினால் நல்லது என்று நினைப்பதும் தவறு. கடலூர் முதுநகரில் கருவாடு காயவைக்கும் ஓர் அம்மா, புது சோலார் உலர்த்திப் பெட்டியில் காய்ந்த பெரிய மீன் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்து, "ஒடிச்சுப் பாரு தம்பி" என்றார். மேலே ஓடு மாதிரி இருந்தது. பிளந்தால் உள்ளே பிசுபிசுவென்று ஈரம். சூடு எகிறியதில் மேல்பக்கம் இறுகி, உள்ளே இருந்த தண்ணீருக்கு வழி அடைத்துவிட்டது. அந்தப் பெட்டியில் காற்று வெளியேற ஒரு சிறு துளைதான் இருந்தது. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் கடற்காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினாலே அதன் ஈரப்பதம் 26 சதவீதத்துக்கு இறங்கும். காய்வதற்கு அது போதும். ஆனால் அந்தக் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம் நீராவி. பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூரிய வெந்நீரால் 80 டிகிரி ஆக்கிவிட்டால் விறகு பாதி மிச்சம் என்று புழுங்கலரிசி ஆலைக்காரர்கள் கணக்குப் போடுவதுண்டு. 30 டிகிரித் தண்ணீர் 80-க்கு ஏற கிலோவுக்குச் சுமார் 210 கிலோஜூல். அதே தண்ணீர் முழுக்க ஆவியாக மொத்தம் 2,550. மிச்சம் 8 சதவீதம்தான். நெல் ஊறவைக்கும் வெந்நீருக்குத்தான் இந்தச் சூரிய வெந்நீர்த் தகடு சரி.

ஆவியே வேண்டும் என்றால் ஆரோவில் சோலார் கிச்சனின் கூரையைப் போய்ப் பாருங்கள். 15 மீட்டர் விட்டத்தில், வெயிலைக் குவிக்கும் கண்ணாடி பதித்த கிண்ணம். கிண்ணம் அசையாது, வெயிலைப் பின்தொடர்ந்து மேலே உள்ள ஆவிக் குழாய்தான் நகரும். அங்கேயும் துணைக்கு டீசல் பாய்லர் உண்டு. இப்படி ஒளியைக் குவிக்கும் கருவிகள் நேர் வெயிலை மட்டுமே பிடிக்கும். மேக மூட்டத்தில் சிதறி வரும் வெளிச்சம் அவற்றுக்குப் பயன்படாது. நேர் வெயிலும் சிதறிய வெளிச்சமும் சேர்ந்த 5 யூனிட்டை அங்கே போட்டால் கணக்கு அப்படியே கவிழும்.

கடைசியாக, எதற்குப் பதிலாக இந்த வெயில்? பண்ருட்டி முந்திரிப் பட்டறையில் பருப்பின் தோல் உரிய, அதை 60, 70 டிகிரியில் காயவைப்பார்கள். சூரிய வெப்பத்துக்கு ஏற்ற வேலை. ஆனால் எரிப்பது பட்டறையிலேயே விழும் முந்திரி ஓடு என்றால், விலைகொடுத்து வாங்கும் விறகின் கணக்கை அங்கே போடக் கூடாது. அந்த ஓட்டிலிருந்து எண்ணெய் எடுப்பவர்களுக்கு அதை என்ன விலைக்குத் தள்ளலாம் என்று விசாரியுங்கள். மூட்டைக்கு அவர்கள் தரும் அந்தப் பணம்தான் உங்கள் சேமிப்பு.