அதிபர் விவாதம் பார்க்கும் முன்: முதல் முறை ஓட்டுப் போடுபவர்களுக்கு

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, முதல் தடவை அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேட்பாளர்கள் டிவியில் நேருக்கு நேர் மோதும் விவாத நாள் நெருங்க நெருங்க ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான், அது நல்லதும்கூட. ஆனால் வெறும் பரபரப்போடு டிவி முன் உட்கார்ந்தால், யார் நன்றாகப் பேசினார் என்பது மட்டும்தான் மனதில் மிஞ்சும். அதனால் முந்தைய வாரமே கொஞ்சம் வேலை செய்துவிடுங்கள்.

படி 1: உங்கள் கேள்வியை எழுதுங்கள்

இரண்டு கேள்வி போதும். "பொருளாதாரம்", "குடியேற்றம்" என்று பொதுவாக எழுதினால் பிடி கிடைக்காது. "அம்மாவின் மருந்துச் செலவை எப்படிக் குறைப்பீர்கள்?", "கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் தம்பிக்கு என்ன வழி?" என்று உங்கள் வீட்டுக் கேள்வியாக எழுதுங்கள். அதன் கீழே, பணம் எங்கிருந்து வரும் என்றும், இதை அதிபரே செய்ய முடியுமா, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் போட வேண்டுமா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டவருக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. அதிபரின் ஒரு கையெழுத்தால் அது மாறாது. இது தெரிந்தவர், மேடையில் வரும் வாக்குறுதியை வேறு காதோடு கேட்பார்.

படி 2: பழைய கணக்கைப் பாருங்கள்

வேட்பாளர் காங்கிரஸின் மேலவையான செனட்டில் இருந்தவர் என்றால், எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பது செனட்டின் இணையதளத்திலேயே இருக்கும். ஆளுநராக இருந்தவர் என்றால், எந்தச் சட்டங்களில் கையெழுத்திட்டார் என்று தேடுங்கள். உங்கள் இரண்டு கேள்விக்கு மட்டும் பார்த்தால் போதும்.

படி 3: விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

விதிகள் ஒவ்வொரு முறையும் மாறும். 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் மோதியபோது அரங்கில் பார்வையாளர்களே இல்லை. பதிலுக்கு 2 நிமிடம், மறுப்புக்கு 1 நிமிடம். ஒருவர் பேசும்போது மற்றவரின் மைக் அணைந்திருந்தது. எழுதிவைத்த குறிப்புகளுக்கு அனுமதியில்லை. வெற்றுத் தாள், பேனா, தண்ணீர் பாட்டில் மட்டும்தான். 2 நிமிடத்தில் முழுத் திட்டத்தையும் யாராலும் சொல்ல முடியாது, அதை எதிர்பார்க்காதீர்கள். திசை தெரிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் நேரம். பெரும்பாலும் கிழக்கு நேரப்படி இரவு 9 மணிக்குத் தொடங்கும். கலிபோர்னியாவில் அது மாலை 6 மணி, வேலை முடிந்து வண்டியில் இருக்கும் நேரம்.

படி 4: ஒரு தாள், மூன்று கட்டம்

கேட்டது, சொன்னது, நழுவியது என்று மூன்று கட்டம் போடுங்கள். நெறியாளர் மருந்து விலையைக் கேட்கிறார், வேட்பாளர் எதிராளியின் வயதைப் பற்றிப் பேசுகிறார் என்றால், மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு. எவ்வளவு அழகாகப் பேசினாலும் சரி, கோடு கோடுதான்.

படி 5: முடிந்ததும் டிவியை அணையுங்கள்

இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். 1976 அக்டோபர் 6 அன்று சான்பிரான்சிஸ்கோ விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அதிபர் ஃபோர்டு சொன்னார். முடிந்த உடனே கருத்துக் கேட்டபோது அவரே வென்றதாகச் சொன்னவர்கள் அதிகம். மறுநாள் முழுக்கச் செய்திகள் அந்த ஒரு வரியையே பேசின. அதற்குப் பின் கேட்டபோது பெரும்பாலானவர்கள் எதிர் வேட்பாளர் கார்ட்டர் வென்றதாகச் சொன்னார்கள். ஃபோர்டு சொன்னது பெரிய தவறுதான். ஆனால் அதை நீங்களாக எடைபோட வேண்டும். சேனல் விமர்சகர்களும் குடும்ப வாட்ஸப் குழுவும் ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும். அதற்குள் ஒவ்வொரு கேள்விக்கும் உங்களுக்குக் கிடைத்த பதிலை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

இந்த வேலைகளுக்கு நடுவில் உங்கள் வாக்காளர் பதிவையும் சரிபாருங்கள். சில மாநிலங்களில் தேர்தலுக்கு ஏறக்குறைய 30 நாள் முன்பே அது முடிந்துவிடும். கடைசி விவாதம் அதற்குப் பிறகுகூட வரலாம்.