செவி 5.7 வோர்டெக்: இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை வீட்டிலேயே மாற்றிப் பூட்டுவது

ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. 1996 முதல் 2000 வரை வந்த செவர்லே, ஜிஎம்சி பிக்கப் ட்ரக்குகளில் 5.7 லிட்டர் வோர்டெக் எஞ்சின் (எல்31) வைத்திருப்பவர்கள் இப்படிப் பார்த்தால் முதலில் இன்டேக் கேஸ்கெட்டைச் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகப்படுங்கள். கம்பெனியில் போட்டுவந்த கேஸ்கெட் பிளாஸ்டிக் சட்டத்தில் சிலிகான் வரி ஓடும் வகை. வருடக்கணக்கில் சூடு ஏறி இறங்கி அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கிவிடும். அப்புறம் கூலன்ட் உள்ளே ஆயிலில் கலக்கும், அல்லது வெளியே கசிந்து சூட்டிலேயே ஆவியாகிவிடும்.

ஆயில் கசிவும் இதே இடத்திலிருந்து வரலாம். மேனிஃபோல்டின் பின்பக்கம் கசியும் ஆயில் பிளாக்கின் முதுகில் வழிந்து கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். பார்ப்பவர்கள் பின் மெயின் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது என்பார்கள். அதற்காக கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் டிஸ்டிரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) பின்னால் ஒரு சின்னக் கண்ணாடியை நீட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் வேலை மேலேதான்.

என் 1998 பிக்கப்பில் இந்த வேலையை வீட்டு கராஜில் செய்து முடித்து, வண்டி இப்போது கசிவில்லாமல் ஓடுகிறது. செய்யும்போது தேவைப்பட்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். ஆயில் மாற்றுவது, கூலன்ட் இறக்குவது போன்றவை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியவை. கேஸ்கெட்டில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பழையபடி பிளாஸ்டிக் சட்டம் வைத்ததை வாங்காமல் உலோகச் சட்டம் உள்ளதை வாங்குங்கள், ஃபெல்-ப்ரோவில் கிடைக்கிறது. கறுப்பு ஆர்டிவி சிலிகான் ஒரு ட்யூப் (ஊரில் மெக்கானிக் கடைகளில் ஆனபாண்ட் என்று கேட்டு வாங்குகிற வகைதான், ஆயில் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்கவும்), நீல நிற த்ரெட் லாக்கர், பிரேக் கிளீனர் இரண்டு மூன்று கேன், டிஸ்டிரிபியூட்டர் அடி கேஸ்கெட், ஃபியூயல் லைன் ஓ-ரிங்குகள், புது ஆயில், ஃபில்டர். மேனிஃபோல்டில் ஹீட்டர் ஹோஸ் சேரும் இணைப்பையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பழையது கை வைத்தாலே உடையும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதற்காகக் கடை தேட முடியாது.

கருவிகளில் ஒன்றே ஒன்றுதான் கட்டாயம்: இன்ச்-பவுண்டில் அளக்கும் சின்ன டார்க் ரெஞ்ச். சக்கர நட்டு முறுக்கும் பெரிய ரெஞ்ச் இதற்கு உதவாது. காரணம் கீழே வரும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பெட்ரோல் மூடியைத் திறந்து, எஞ்சின் பின்னால் இருக்கும் ஃபியூயல் டெஸ்ட் வால்வில் துணி சுற்றி அழுத்தத்தை இறக்குங்கள். இந்த எஞ்சினில் பெட்ரோல் லைனில் 60 முதல் 66 பிஎஸ்ஐ வரை அழுத்தம் இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இதைத் தொடக்கூடாது.

டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றும் முன் முதல் சிலிண்டரை கம்ப்ரெஷன் மேல்முனைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் ரோட்டார் (டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் பாகம்), டிஸ்டிரிபியூட்டர் உடம்பில் வார்த்திருக்கும் 8 என்ற குறியை நோக்கி நிற்கும். உடம்பு எஞ்சினில் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பெயின்ட் பேனாவில் கோடு போடுங்கள். பிறகு மேலே இழுக்கும்போது, கியர் சாய்வாக வெட்டியிருப்பதால், ரோட்டார் கொஞ்சம் சுழலும். சுழன்று நிற்கும் இடத்திலும் ஒரு கோடு. திரும்ப இறக்கும்போது ரோட்டாரை இந்த இரண்டாவது கோட்டில் ஆரம்பித்தால் 8 குறியில் போய் உட்காரும். அப்புறம் எஞ்சினைச் சுற்றவே கூடாது.

மேலே இருக்கும் பிளாஸ்டிக் பாகத்தைக் கழற்ற வேண்டியதில்லை. இன்ஜெக்டர்கள் உள்ளேயே இருக்கட்டும், அலுமினிய அடிப்பாகத்தோடு முழுதாகத் தூக்கிவிடலாம். எட்டு போல்ட்தான். தூக்க வராவிட்டால் கேஸ்கெட் முகத்தில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள். அலுமினியத்தில் விழும் கீறல் நாளைய கசிவு. முன் மூலையில் வார்ப்பு தடிப்பாக இருக்கும் இடத்தில் மரக்கட்டை கொடுத்து நெம்பினால் போதும்.

தூக்கியதும் லிஃப்டர்கள் (வால்வுகளை இயக்கும் சின்ன உருளைகள்) தெரியும் பள்ளத்தை நிறைய துணி வைத்து அடையுங்கள். பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால்தான் எடுக்க வேண்டும். ஏர் டூலில் மாட்டும் சொரசொரப்பு டிஸ்க் வேகமாகச் சுத்தம் செய்யும், ஆனால் அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு பொடி ஆயிலோடு போய் பேரிங்குகளைத் தின்றுவிடும். ஜிஎம் நிறுவனமே இதை எச்சரித்து சர்வீஸ் அறிக்கை விட்டிருக்கிறது. என் கராஜில் அந்த டிஸ்க்குக்கு இடமில்லை. மேனிஃபோல்டில் தண்ணீர் ஓட்டைகளைச் சுற்றி அரிப்புக் குழிகள் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் உலோக எபாக்ஸி வைத்து நிரப்பி, காய்ந்ததும் மட்டமாகத் தேய்க்க வேண்டும்.

இனி வருவதுதான் வேலையின் உயிர். ஹெட் பக்கம் கேஸ்கெட் பார்த்துக்கொள்ளும். பிளாக்கின் முன்னும் பின்னும் இருக்கும் குறுக்குச் சுவரின் மேல் கேஸ்கெட் கிடையாது. மேனிஃபோல்டுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை சிலிகான் மட்டும்தான் அடைக்கிறது. பிளாக், ஹெட், மேனிஃபோல்ட் மூன்றும் சந்திக்கிற நான்கு மூலைகள்தான் எல்லாவற்றையும்விட மோசமான இடம். பழைய எஞ்சின் கேஸ்கெட் செட்களில் இந்தச் சுவருக்கு கார்க் பட்டை வரும். இறுக்கும்போது அது வழுக்கி வெளியே பிதுங்கும். வந்திருந்தால் ஓரமாக வைத்துவிட்டு சிலிகானையே நம்புங்கள்.

சிலிகான் ஆயில் பட்ட இரும்பில் ஒட்டாது. நீங்கள் துடைத்துவிட்டு கேஸ்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பள்ளத்திலிருந்து ஆயில் மெல்ல ஏறி அந்தச் சுவரின் மேல் மறுபடி படரும். அதனால் கேஸ்கெட், போல்ட், ரெஞ்ச் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்ட பிறகு கடைசியாக ஒருமுறை துடையுங்கள். வெள்ளைப் பேப்பர் டவலில் பிரேக் கிளீனர் நனைத்துத் துடைத்தால் டவல் வெள்ளையாகவே திரும்ப வர வேண்டும். லேசாகச் சாம்பல் நிறம் தெரிந்தாலும் இன்னொரு டவல். அதற்குப் பின் அங்கே விரல் படக்கூடாது. அடைத்த துணிகளை இதற்கு முன்பே எண்ணி எடுத்துவிடுங்கள்.

கேஸ்கெட்களை ஹெட்டில் வைத்துவிட்டு, சுவரின் மேல் 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடாக சிலிகான் விடுங்கள், பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிசாக. கோடு சுவரோடு நிற்கக்கூடாது. இரண்டு முனையிலும் ஹெட்டின் மேல் 13 மில்லிமீட்டர் ஏறி கேஸ்கெட்டின் நுனியைப் பிடிக்க வேண்டும். பலருடைய மூலைகள் கசிவதற்குக் காரணம் இந்த 13 மில்லிமீட்டரை விட்டுவிடுவதுதான். அதிகமாகப் போட்டாலும் கேடு. உள்ளே பிதுங்கும் துண்டு அறுந்து விழுந்து ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். கேஸ்கெட் முழுக்க சிலிகான் பூசுகிற பழக்கமும் வேண்டாம், இறுக்கும்போது கேஸ்கெட் வழுக்கும்.

சிலிகான் காய்வதற்குள் மேனிஃபோல்டை இறக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே பிடித்து நேராக இறக்குங்கள். உட்கார்ந்த பிறகு நகர்த்தினால் கோடு கலைந்துவிடும். அப்படி ஆனால் தூக்கித் துடைத்து முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.

இப்போது போல்ட். த்ரெட் லாக்கர் தடவி எட்டையும் கையாலேயே பூட்டுங்கள். நடுவில் உள்ள நான்கில் தொடங்கி, குறுக்காக மாறி மாறி, கடைசியில் முனைகளுக்கு வர வேண்டும். முதல் சுற்று 27 இன்ச்-பவுண்ட், இரண்டாவது 106 இன்ச்-பவுண்ட், மூன்றாவது 11 அடி-பவுண்ட், அதாவது 15 நியூட்டன் மீட்டர். அவ்வளவுதான். பழைய பன்னிரண்டு போல்ட் செவி எஞ்சினில் பழகியவர்கள் 30 அடி-பவுண்ட் என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். வோர்டெக்கில் அந்தக் கணக்கைப் போட்டால் கேஸ்கெட் நசுங்கும், அலுமினியக் காது விரிசல் விடும். மூன்றாவது சுற்று போதாதது போலத்தான் கைக்குத் தோன்றும். ரெஞ்சை நம்புங்கள்.

மற்றவற்றை மாட்டிவிட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, புதிதாக ஊற்றிய பிறகுதான் ஸ்டார்ட். மேனிஃபோல்டைத் தூக்கும்போது கூலன்ட் கொஞ்சமாவது பள்ளத்தில் விழுந்திருக்கும். அந்த ஆயிலில் ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து காற்று வெளியேறும்வரை ஓடவிட்டு, ஆறியதும் அளவு பாருங்கள்.

இதைப் படித்த சிலர் கேட்டவற்றை இங்கேயே சேர்க்கிறேன்.

டிஸ்டிரிபியூட்டர் கடைசி அரை இன்ச் இறங்க மறுக்கிறதா? கீழே ஆயில் பம்ப் தண்டின் பள்ளம் நேராக இல்லை. நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவரை ஓட்டைக்குள் விட்டுத் தண்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி இறக்குங்கள். பிடிப்பு போல்டை முறுக்கி இழுத்து உட்காரவைத்தால் ஏதாவது உடையும். தானாக உட்கார்ந்த பிறகுதான் அந்த போல்ட், 18 அடி-பவுண்ட்.

வண்டி ஓடுகிறது, ஆனால் பி1345 என்ற பிழைக் குறியீடு வருகிறதா? டிஸ்டிரிபியூட்டர் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம், அல்லது கோணம் சற்று மாறியிருக்கலாம். இந்த எஞ்சினில் அதைத் திருப்பி டைமிங் வைக்க முடியாது, டைமிங் கம்ப்யூட்டர் கையில். ஸ்கேன் டூலில் கேம் ரிடார்டு (கிராங்க் தண்டோடு ஒப்பிட்டால் கேம் சிக்னல் எவ்வளவு விலகியிருக்கிறது) என்ற அளவைப் பாருங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்துப் பார்க்கும்போது பூஜ்யத்திலிருந்து இரண்டு டிகிரிக்குள் நிற்க வேண்டும்.

4.3 வி6 வோர்டெக் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், ரோட்டார் நோக்கும் குறி மட்டும் 6. 1999-இல் புது வடிவத்தில் வந்த சில்வராடோவின் 5.3 எஞ்சின் வேறு ஜாதி. மேனிஃபோல்ட் நைலான், அதில் கூலன்டே ஓடாது, சுவருக்கு சிலிகானும் கிடையாது. பத்து போல்ட், 44 இன்ச்-பவுண்ட், பிறகு 89 இன்ச்-பவுண்ட். அதில் தண்ணீர் குறைந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.