எதிரி நாட்டில் சிக்கிக்கொண்டால்: தடுப்பு முகாமில் உங்கள் பெயர் காணாமல் போகாமல் இருக்க

நீங்கள் வேலைக்கோ படிப்புக்கோ போயிருக்கும் நாட்டுக்கும் சொந்த நாட்டுக்கும் போர் மூண்டால், ஆயுதத்தைத் தொட்டே பார்க்காத நீங்களும் அங்கே எதிரி நாட்டவர்தான். முதல் வேலையாக, வெளியேற அனுமதி கேளுங்கள், எழுத்தில். போரில் சிக்கும் பொதுமக்களைக் காக்க 1949-ஆம் ஆண்டு வந்த நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 35-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. தேசநலன் என்று காரணம் சொல்லி அவர்கள் மறுக்கலாம், ஆனால் மறுத்ததை நீதிமன்றமோ ஒரு நிர்வாகக் குழுவோ மறுபடி பார்த்தாக வேண்டும். உங்கள் தூதரகம் மூடியிருந்தால், உங்கள் நாட்டவரின் நலனைப் பார்த்துக்கொள்ள எந்த நடுநிலை நாடு ஒப்புக்கொண்டிருக்கிறது என்று விசாரித்து அங்கே பெயரைப் பதிந்துவிடுங்கள்.

உங்களைப் பிடித்துத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனால் சோதனை நடக்கும். பணம், நகை, அடையாள ஆவணம் எதை எடுத்தாலும் ரசீது தரவேண்டும், பெண்களைப் பெண்தான் சோதிக்கவேண்டும். ரசீதில் "ஒரு மோதிரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் தங்கமா, கல் வைத்ததா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் அட்டை. எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்பேன். முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் உங்கள் குடும்பத்துக்கு ஒன்று, செஞ்சிலுவைக் குழு ஜெனீவாவில் நடத்தும் தேடல் மையத்துக்கு ஒன்று என்று, நீங்கள் காவலில் இருப்பதைத் தெரிவிக்கும் தடுப்புக்காவல் அட்டை அனுப்ப உங்களை அனுமதிக்கவேண்டும், வேறு முகாமுக்கு மாற்றினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் இதே விதிதான். யாரும் தானாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள் என்று காத்திருக்காமல் போன அன்றைக்கே கேளுங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதுங்கள், முன்னெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரை முழுதாகப் போடுங்கள், ஏனென்றால் ஒரே ஆள் இரண்டு விதமாகப் பதிவாகிவிட்டால் தேடுகிறவருக்குக் கிடைக்கவே மாட்டார். வெளியே ஒரு பட்டியலில் இருக்கும் பெயரை இல்லாமல் ஆக்குவது கடினம். கடிதங்களுக்குக் கட்டுப்பாடு வைத்தாலும் மாதம் 2 கடிதம், 4 அட்டைக்குக் குறையக்கூடாது. தணிக்கை இருக்கும், ஆகவே உடல்நிலை, இருக்கும் இடம், என்ன வேண்டும் என்று மட்டும் எழுதினால் போதும்.

முகாமுக்குள் இருப்பவர்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை ரகசிய வாக்கெடுப்பில் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். புகார்களை அந்தக் குழு வழியாகக் கொண்டுபோங்கள், தனி ஆளாகச் சத்தம் போடுவதைவிட அது பாதுகாப்பு. செஞ்சிலுவைக் குழுவினர் வந்தால் காவலர் இல்லாமல் தனியாகப் பேச உங்களுக்கு உரிமை உண்டு, அந்தச் சந்திப்புக்கு வராத மற்ற கைதிகளின் பெயர்களையும் அவர்களிடம் சொல்லுங்கள். குடும்பத்தை ஒரே முகாமில் வைக்கவும், குற்றவாளிகளோடும் போர்க்கைதிகளோடும் சேர்க்காமல் இருக்கவும் கேட்கலாம். விருப்பமில்லாமல் பொதுவாக வேலை வாங்கக்கூடாது.

விடுதலைக்கான வழியையும் விடாதீர்கள். காவலில் வைத்த முடிவை எதிர்த்து உடனே மனு கொடுக்கலாம், அதன் பிறகும் வருடத்துக்குக் குறைந்தது இரண்டு தடவை அதை அவர்களே பரிசீலிக்கவேண்டும். இதையெல்லாம் எல்லா அரசும் மதிக்கும் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் நடத்திய, மணிலாவின் சாந்தோ தோமாஸ் முகாமிலும் ஹாங்காங்கின் ஸ்டான்லி முகாமிலும் அடைபட்ட பொதுமக்களுக்கு இப்படி ஒரு ஒப்பந்தமே கிடையாது, 1929-ஆம் ஆண்டு ஒப்பந்தம் போர்க்கைதிகளுக்கானது. அவர்கள் பட்டதைப் பார்த்த பிறகுதான் 1949-இல் இந்த விதிகள் வந்தன. மனு மறுக்கப்பட்டாலும் தேதியோடு இருக்கும் நகல் சாட்சி.

வெளியே வந்ததும் ரசீது, அட்டை, மனு நகல் எதையும் எறிந்துவிடாதீர்கள். ஜப்பானியரின் முகாம்களில் இருந்தவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு ஆளுக்கு 10,000 பவுண்ட் தருவதாக அறிவித்தது 2000-ஆம் ஆண்டு, போர் முடிந்து 55 வருடம் கழித்து. அவ்வளவு காலம் கழித்தும் கேட்பார்கள், நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று. ஸ்கேன் செய்து குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது கொடுத்துவையுங்கள்.