முதல் ஆராதனைப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு

எங்கள் ஊர் தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இருக்கிறது. ஞாயிறு காலை ஆராதனை தமிழில். வாரநாளில் நடக்கும் வீட்டு ஜெபத்தில் பாதிப் பாட்டு மலையாளம். மலையாளப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்த நோட்டு இங்கே பல வீடுகளில் இருக்கும். பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த நான் சொந்தமாகப் பாட்டு எழுதத் தொடங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. "அண்ணா, எனக்கும் ஒரு பாட்டு எழுதணும், எங்கே தொடங்க?" என்று பிள்ளைகள் கேட்பதால், அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முறைகளுக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. குமரியிலிருந்தும் திருவனந்தபுரத்துக் கடற்கரையிலிருந்தும் போன எத்தனையோ படகுகள் கடலில் இருந்தன. டிசம்பர் 3 ஞாயிறு ஆராதனைக்கு, இரண்டு வாரமாகப் பயிற்சி எடுத்த என் பாட்டு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. "புயலை அடக்கினீர், என் படகைக் கரை சேர்த்தீர்" என்று அதில் ஒரு வரி. அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது வரிசையில் ஒரு மாமி உட்கார்ந்துவிட்டார். கடற்கரை ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவருடைய தம்பி அந்த வாரம் கடலில் இருந்தார். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "மக்ளே, பாட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்கு அந்த வரி மட்டும் வாயில வரல்ல" என்றார். அவருடைய தம்பி திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு எந்த வரி எழுதினாலும் நான் ஒன்றைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்றைக்குச் சபையில் மிகவும் நொந்து உட்கார்ந்திருப்பவர் இந்த வரியைப் பொய் சொல்லாமல் பாட முடியுமா? கீழே வருகிற எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

1. ஒரே ஒரு வேதப்பகுதியோடு ஒரு வாரம் இருங்கள்

மெட்டு வந்துவிட்டது, இனி வார்த்தை போட வேண்டியதுதான் என்று பலர் தொடங்குகிறார்கள். அப்படியும் எழுதலாம். ஆனால் முதல் பாட்டுக்கு அது சரியான வழி இல்லை. மெட்டு இழுத்த இழுப்புக்கு, ஏற்கெனவே கேட்ட பாட்டுகளின் வரிகள்தான் வந்து விழும்.

வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதத்தில் 150 சங்கீதங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும் பங்கு புலம்பல். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்?" என்ற கேள்வியோடு தொடங்குகிறது, ஆறே வசனத்தில் பாடுவேன் என்று முடிகிறது. இவ்வளவு புலம்பல் வேதத்தில் இருக்க, நம் பாட்டுகளில் வெற்றியும் ஆசீர்வாதமும் மட்டும் நிரம்பியிருப்பது எனக்கு வருத்தம். புலம்புவது அவிசுவாசம் என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கடவுளிடமே போய்க் கேட்கிறவன் விசுவாசத்தில்தான் கேட்கிறான்.

நான் உதாரணத்துக்கு 130-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்கிறேன். எட்டு வசனம்தான். தினமும் காலையில் சத்தமாக வாசியுங்கள். பேனா எடுக்க வேண்டாம். மூன்றாம் நாள் ஏதாவது ஒரு சொல் உங்களைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அந்தச் சொல் "ஜாமக்காரர்". விடியலுக்குக் காத்திருக்கிற காவற்காரனைவிட அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்கிறது ஆறாம் வசனம்.

2. அந்தச் சொல்லை உங்கள் ஊரில் தேடுங்கள்

ஜாமக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் விளை இருக்கிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், பால் வெட்டுகிற அண்ணன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு நான்கு மணிக்கே இறங்கிவிடுவார். ஒரு மரத்தில் பட்டையைச் சீவி, சிரட்டையை நேராக வைத்துவிட்டு, அடுத்த மரத்துக்குப் போவார். இடையிடையே கிழக்கே ஒரு பார்வை. அவர் பார்க்கிறார் என்பதற்காகச் சூரியன் சீக்கிரம் வருவதில்லை. வரும் என்று தெரிந்துதான் இருட்டில் வேலை செய்கிறார்.

இதைப் பார்த்த பிறகுதான் அந்த வசனம் எனக்கு விளங்கியது. காத்திருப்பவன் விடியலை உண்டாக்குவதில்லை. பாட்டில் ரப்பர் மரம் வர வேண்டும் என்று அவசியம் இல்லை. எழுதுகிறவன் கண்ணில் அது இருந்தால் போதும்.

3. பல்லவி எழுதுவது

கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, சரணம். இப்போதைய ஆராதனைப் பாட்டுகளில் பல்லவி, சரணங்கள், கடைசிக்கு முன் திரும்பத் திரும்பப் பாட ஒரு சின்னப் பகுதி. அதை பிரிட்ஜ் என்பார்கள். முதல் பாட்டுக்கு ஒரு பல்லவியும் இரண்டு சரணமும் போதும்.

என் முதல் முயற்சி இப்படி வந்தது:

இருளெல்லாம் நீங்கிடுமே
வெளிச்சம் வந்திடுமே
வெற்றியைத் தந்திடுமே

மெட்டில் அழகாக உட்கார்ந்தது. ஆனாலும் அடித்துவிட்டேன். மூன்று வரியும் "இடுமே" என்று முடிவதால் ஒரு ஒற்றுமை கேட்கிறது, அவ்வளவுதான். இடுமே, வாரே, ஆமே எல்லாம் இடத்தை நிரப்பும் அசைகள். அவற்றை எடுத்துவிட்டு வரியைப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். அதோடு, "வெற்றி" அந்தச் சங்கீதத்தில் எங்கேயும் இல்லை. நான் கொண்டுவந்து போட்டது.

அப்புறம் எழுதியது:

கிழக்கு வெளுக்கும் என்றறிந்து
கண்விழித்திருக்கும் காவலன்போல்
கர்த்தா, உமக்காய்க் காத்திருக்கிறேன்
கண்ணீர் உலரும் முன்னமே

வரி தோறும் ககரத்தில் தொடங்குவது தற்செயல் இல்லை. தமிழில் தொடக்க ஓசை ஒன்றானால் மனப்பாடம் எளிது. பாடுகிறவர் புத்தகத்தைப் பார்க்காமலே அடுத்த வரியைப் பிடித்துவிடுவார். மோனை, எதுகை படிக்காதவர்கள்கூடப் பழமொழிகளைக் கவனித்தால் காது பழகிவிடும். கடைசி வரி அந்த மாமிக்காக. கண்ணீர் காய்ந்த பிறகுதான் ஆராதிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

சரணத்துக்கு மூன்றாம் நான்காம் வசனங்கள்:

பாவக் கணக்கை நீர் பார்த்தால்
பாரில் நிலைப்பவர் யாரையா
மன்னிப்பு உம்மிடம் உண்டென்றே
மண்டியிட்டேன் உம் பாதத்தில்

4. யாரிடம் பாடுகிறீர்கள்?

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. பல்லவியில் "நீர்", சரணத்தில் "அவர்", திடீரென்று "நீ" என்று பல பாட்டுகள் தாவுகின்றன. மலையாளத்தில் கடவுளை "நீ" என்று பாடுவது சாதாரணம், மரியாதையாக "அங்ஙு" என்பதும் உண்டு. அதைக் கேட்டுப் பழகிய எல்லைக்காரர்களுக்கு இந்தக் கலப்பு தெரியாமலே வந்துவிடும். தமிழில் "நீர்" என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாறவே கூடாது என்று சொல்லவில்லை. 23-ஆம் சங்கீதம் "அவர்" என்று பேசிக்கொண்டே வந்து, நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கில் நுழைந்ததும் நேருக்கு நேர் பேசத் தொடங்குகிறது. மேய்ச்சலில் அவரைப் பற்றிப் பேசியவன் இருட்டில் அவரிடமே பேசுகிறான். மாற்றினால் இப்படிக் காரணத்தோடு மாற்றுங்கள்.

இன்னொன்று. "பிதாவே" என்று தொடங்கி இரண்டு வரி தள்ளி "எனக்காய்ச் சிலுவையில் மரித்தீர்" என்று எழுதுகிறோம். மரித்தவர் குமாரன். அவசரத்தில் வரும் தவறுதான், ஆனால் பிள்ளைகள் பிரசங்கத்தைவிடப் பாட்டிலிருந்துதான் விசுவாசத்தை அதிகம் கற்றுக்கொள்கிறார்கள். எழுதி முடித்ததும் ஆயரிடமோ வேதம் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரிடமோ மெட்டு இல்லாமல் வார்த்தையை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

5. மெட்டும் குறில் நெடிலும்

கீபோர்டில் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நான்கு கார்டு (ஒன்றாக அழுத்தும் சுரக்கூட்டு) போதும். தாளம் ஆறு ஆறாக எண்ணும் சிக்ஸ் எயிட்டோ, நான்கு நான்காக எண்ணும் ஃபோர் ஃபோரோ, பேசும்போது வரி எப்படி நடக்கிறதோ அப்படி. மெட்டு ஒரு ஸ்தாயிக்குள் (ச முதல் மேல் ச வரை), மிஞ்சினால் இன்னும் இரண்டு சுரத்துக்குள் நிற்கட்டும். மேடையில் பாடுகிறவருக்கு எட்டும் உச்சம் கீழே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு எட்டாது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குறில் எழுத்தை நீண்ட சுரத்தில் வைத்தால் சொல் மாறிவிடும். "உம் கரம்" என்பதில் "க"வை இழுத்தால் "உம் காரம்" என்று கேட்கும். "என் மனம் தந்தேன்" என்பது "என் மானம் தந்தேன்" ஆகிவிடும். "வழி" "வாழி" ஆகும், "பலி" "பாலி" ஆகும். ஆங்கிலப் பாட்டின் மெட்டில் தமிழ் வார்த்தையைப் பொருத்தும்போது இது அதிகம் நடக்கிறது. வரியை மெதுவாகப் பேசி, தானாக நீளும் எழுத்து எது என்று பென்சிலால் கோடு போடுங்கள். "உமக்காய்" என்பதில் "காய்" நீளும், "உ" நீளாது. நீண்ட சுரம் அந்தக் கோட்டின்மேல் விழ வேண்டும். விழாவிட்டால் சொல்லை மாற்றுங்கள், அல்லது மெட்டை மாற்றுங்கள்.

வேறொருவர் மெட்டை எடுக்காதீர்கள், சினிமா மெட்டையும்தான். இந்தியச் சட்டப்படி பாட்டின் உரிமை எழுதியவர் இறந்து 60 வருடம் வரை இருக்கும். வார்த்தைக்குத் தனி உரிமை, இசைக்குத் தனி உரிமை.

6. இரண்டு மொழி வாய்க்கும் பொருந்த

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஜெபக்கூட்டம் அந்த எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் திருப்புறத்தில் 1847-இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் மலையாளச் சபைகளுக்குக் கீர்த்தனைகள் எழுதியவர். அவர் பிறந்த மண் இது என்பதில் எனக்குப் பெருமை.

எல்லையில் எழுதுகிறவர்கள் பல்லவியில் இரண்டு பக்கமும் அறிந்த சொற்களை வைக்கலாம்: ஸ்தோத்திரம், கிருபை, ஆராதனை, கர்த்தர். ஒரே சொல் வேறு பொருள் தரும் இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். "வெள்ளம்" எங்களுக்குக் குடிக்கிற தண்ணீர், மலையாளத்திலும் அப்படித்தான். மதுரைக்காரருக்கு அது ஊரை அடித்துக்கொண்டு போவது. "ஜீவ வெள்ளம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். இங்கே தாகம் தீரும், அங்கே பயம் வரும். "ஜீவத் தண்ணீர்" என்று மாற்றிக்கொண்டோம்.

7. கருவி இல்லாமல் பாடிப் பாருங்கள்

முதலில் ஆராதனைக்குக் கொண்டுபோக வேண்டாம். வீட்டு ஜெபத்தில், கீபோர்டு இல்லாமல், கைத்தாளத்தோடு பாடுங்கள். ஒருமுறை நீங்கள் மட்டும், பிறகு எல்லாரும். மூன்றாவது தடவை எங்கே குரல் குறைகிறது என்று கேளுங்கள். குறைகிற இடத்தில் வரியில்தான் ஏதோ இருக்கிறது.

என் பாட்டில் முதல் வரியிலேயே குறைந்தது. "என்றறிந்து" என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. பால் வெட்டுகிற அண்ணனும் அன்று வந்திருந்தார். அவர் தயங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "கிழக்கு வெளுக்கும் என்று நம்பி" என்று தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்களும் அப்படியே பாடத் தொடங்கினார்கள். அன்று இரவே நோட்டில் அந்தச் சொல்லை அடித்து, அவர் பாடியதை எழுதிக்கொண்டேன்.