ஃபிராக்டல் ஓவியம்: ஜூமை நிறுத்தி, கறுப்பைக் கவனியுங்கள்

எவ்வளவு பெரிதாக்கினாலும் புதுப்புது நுணுக்கம் தெரிந்துகொண்டே இருக்கும், கணக்கால் வரையும் உருவம்தான் ஃபிராக்டல். அதைப் பழகத் தொடங்கியவர்கள் நிற்காமல் ஜூம் செய்துகொண்டே போவார்கள். ஆழமாகப் போனதாலேயே படம் அழகாகிவிடாது. ஒரே இடத்தில் நின்று இட்டரேஷனையும் (கணக்கைத் திரும்பச் செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை) நிறத்தையும் சரிசெய்யப் பழகுங்கள்.

இடம் தேடிப் பழகக் கேயாஸ் என்ற மென்பொருள் போதும். எக்ஸ்-ஏ-ஓ-எஸ் என்ற எழுத்துகளில் தேடினால் கிடைக்கும், இலவசம். வீட்டு லேப்டாப்பிலேயே ஓடும், கிராஃபிக்ஸ் கார்டு வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு அலைய வேண்டாம். மேண்டல்பிராட் கணம் என்ற புகழ்பெற்ற ஃபிராக்டலில் பெரிய இதய வடிவமும் அதன் இடப்பக்க வட்டமும் ஒட்டும் இடுக்குக்குப் போங்கள்: மையப் புள்ளியின் மெய் எண் (இடவல நிலை) −0.7436, கற்பனை எண் (மேல்கீழ் நிலை) 0.1318, பார்வையின் அகலம் 0.01. கடல்குதிரை வால் மாதிரி சுருள்கள் வரிசையாக நிற்கும்.

அங்கே பிசுபிசுவென்று மழுங்கிய கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் இட்டரேஷன் பற்றவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணை வர்க்கமாக்கி, அந்தப் புள்ளியின் எண்ணைக் கூட்டி, திரும்பத் திரும்ப அதையே செய்கிறது கணினி. விடையின் அளவு 2-ஐத் தாண்டினால் புள்ளி தப்பித்துவிட்டது. எத்தனையாவது சுற்றில் தப்பியதோ அதற்கேற்ற நிறம். உச்சவரம்புக்குள் தப்பாதது கறுப்பு. வரம்பு 250 என்றால், 800-வது சுற்றில் தப்ப வேண்டிய மெல்லிய இழையும் கறுப்பில் மூழ்கிவிடும். 250, 500, 1000, 2000 என்று இரட்டித்துப் பாருங்கள். கறுப்பு சுருங்குவது நின்றதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஏற்றினால் நேரம்தான் வீண்.

சுமார் பத்து லட்சம் கோடி மடங்கு ஜூமில் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் காரணம் வேறு. வழக்கமான 64 பிட் கணக்கில் 15, 16 இலக்கத்துக்கு மேல் நிற்காது. இட்டரேஷன் ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது, வெளியே வந்துவிடுங்கள்.

நிறத்துக்கு நான்கைந்து வண்ணம் போதும். கே.ஆர். மார்க்கெட்டில் ஒரு பூக்கூடையை மொபைலில் படமெடுத்து, கனகாம்பரம், வாடாமல்லி, மருக்கொழுந்துப் பச்சை, மல்லி மொட்டின் வெள்ளை என்று நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நினைத்தபடி நிறப்பட்டை அமைக்க அல்ட்ரா ஃபிராக்டல் என்ற மென்பொருள் வசதியானது. காசு கொடுத்து வாங்குவது, கை பழகிய பிறகு யோசிக்கலாம். பட்டையின் முதல் நிறமும் கடைசி நிறமும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பட்டை மறுபடி தொடங்கும் இடமெல்லாம் கத்தியால் கீறியது போல ஒரு கோடு விழும். வண்ணம் படிக்கட்டு போலத் துண்டுதுண்டாகத் தெரிந்தால், நிறங்களை இழைத்துக் கலக்கும் ஸ்மூத் கலரிங்கைப் போடுங்கள்.

இழைகளைச் சுற்றி மணல் தூவியது போல் இருந்தால், நீள அகலத்தை இரு மடங்காக வைத்து ரெண்டர் செய்து (கணினியை வரையவைத்து), பிறகு சுருக்குங்கள். வேலை நான்கு மடங்காகும், அதனால் கரண்ட் போகுமுன், இடம், இட்டரேஷன், நிறம் எல்லாம் பதிந்திருக்கும் அளபுருக் கோப்பைச் சேமித்துவிடுங்கள். படம் மட்டும் இருந்தால் நாளைக்கு அதே இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

12×18 அங்குலத் தாளுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600×5400 பிக்சல் வேண்டும். அவென்யூ ரோடு பிரிண்ட் கடைக்குப் பிஎன்ஜி கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் மையில் மங்கும். அந்த நிறங்கள் உள்ள 4×6 அங்குலத் துண்டை முதலில் அடித்து வாங்கி, வெயிலில் பார்த்துவிட்டு முழுத்தாளுக்குச் சொல்லுங்கள்.